உப்பளத்துப் பிள்ளைகளின் வேகம்

நாற்காலி உட்காருவதற்குப் போட்டதா, பார்வைக்கு வைத்ததா என்று தமயந்திக்குத் தெரியவில்லை. கைப்பிடிகளில் தோல்வார் தொங்கியது. ஒரு காலத்தில் இதில் யாரையோ உட்காரவைத்து, மணிக்கட்டைப் பூட்டி, விரல்நுனியில் கம்பி வைத்து, கேள்வி கேட்கும்போது வியர்க்கிறதா என்று பார்த்திருப்பார்கள். சுற்றிப் பார்த்தாள். விளக்க அட்டை எதுவும் இல்லை. உட்கார்ந்தாள். அட்டை இல்லாததில் உட்காரலாம், அட்டை இருப்பது செத்துப்போனது, அவ்வளவுதான் இந்த இடத்தின் சட்டம். "அரை மணி நேரம் ஆகும் மேடம், உள்ளே உங்க பேட்டிக்கு கேமரா, லைட் செட் பண்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போன பெண்ணின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. டாக்டர் ஷோபனா, காப்பாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறாள். அந்தச் சாய்வு தமயந்திக்குத் தெரிந்ததுதான். இந்தக் கட்டடத்தில்தான் அதைக் கற்றுக்கொடுப்பார்கள். நீ சொல்வதை முழுசாகக் கேட்கிறேன் என்று அதற்கு அர்த்தம். நீ சொல்லப்போவது எனக்கு முன்பே தெரியும் என்றும் அர்த்தம். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இது ஆய்வுக்கூடம். மின்விசிறி இரண்டு, அதில் ஒன்று சுற்றாது. இப்போது ஏசி போட்டு, சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, உளவியல் வரலாற்று அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் என்று வாசலில் பித்தளையில் வெட்டிவைத்திருக்கிறார்கள். மதுரையில் இவ்வளவு குளிர் எதற்கு? காகிதத்துக்காம். காகிதம் சூடு தாங்காதாம். குளிர் அவள் முழங்காலுக்குள் இறங்கியது. மண்டையை அளக்கும் இடுக்கி, சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி மறைக்கும் உருளை, மைத்தீற்றல் அட்டைகள், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பலகை. ஒவ்வொன்றின் மேலும் தனியாக ஒரு விளக்கு, நகைக்கடை மாதிரி. மனிதர்களைக் கலங்கடித்த சாமான்களுக்கு இவ்வளவு மரியாதை. எதிர்ச் சுவரில் சந்தன மாலையோடு பேராசிரியர் வேதரத்தினம். போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். படத்திலும் அவர் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். கடைசிக் கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் அவள் போகவில்லை. வந்ததும் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் திரும்பி வந்து இந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி, சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி உக்காந்திருக்க?" ரூபியின் குரல். பதினோரு வருடமாகக் கேட்காத குரல், இன்னும் சொந்த ஊர் நாசரேத்தை விட்டு வெளியே வராத குரல். டாக்டர் ரூபி எஸ்தர், ஓய்வுபெற்ற துறைத்தலைவர். அரக்குப் பட்டுப்புடவை, சாயம் போட்ட முடி, காதில் சுண்டைக்காய் அளவு மெஷின். அவள் நிற்பதற்குள் ஷோபனா ஓடிவந்து மெத்தை வைத்த நாற்காலி போட்டாள். தமயந்திக்கு ஏன் போடவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை, தமயந்தியைத் தவிர. ரூபி உட்கார்ந்து, பேராசிரியர் படத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள், பிறகு பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்தாள். "செத்ததுக்கெல்லாம் லைட்டு போட்டு வச்சிருக்கான். நமக்கு எப்பட்டி போடுவான்?" என்று சிரித்தாள். தமயந்தியும் சிரித்தாள். சிரிப்பு வந்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. இவளிடம் எப்போதும் இதுதான், கோபத்தைக் கட்டிவைத்திருக்கும் நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லி அவிழ்த்துவிடுவாள். "அந்தப் பிள்ள கேக்கும்போது நாலு வார்த்தை அழகாச் சொல்லிட்டு வந்துருவோம். ஜீப்பு நடுரோட்ல நின்னது, ஹாஸ்டல் ரசத்துல பல்லி விழுந்தது, அதெல்லாம் சொல்லு. சிரிப்பாளுவ. சாப்பாடு உண்டாம், பிரியாணின்னு சொன்னா." பிறகு குனிந்து, புடவையைச் சரிசெய்கிறவள் மாதிரி, குரலை இறக்கி, "வாட்ச் கதைய எடுத்தியோ, கொன்னுபோடுவேன் பாத்துக்க" என்றாள். "நான் எதுக்குடி எடுக்கப்போறேன்?" "எடுக்கமாட்ட. எனக்குத் தெரியும். முதல்ல அசிங்கம் உனக்குத்தான." சொல்லிவிட்டு ரூபி கைப்பையிலிருந்து சுக்குமிட்டாய் எடுத்து நீட்டினாள். தமயந்தி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

அசிங்கம் என்ற வார்த்தை நாக்கில் இனிப்போடு கரைந்தது. தவறு என்று சொல்லியிருக்கலாம். பிழை என்று சொல்லியிருக்கலாம்; பேராசிரியர் பிழைக்கு ஒரு தனி வகுப்பே எடுப்பார், கருவிப் பிழை, காண்பவர் பிழை என்று. அவளுடையது இரண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது பிப்ரவரி, அவளுக்கு இருபத்துநாலு வயது, முதல் வேலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு அறிவுத்திறன் சோதனையை உருவாக்க வேண்டும், அதற்கு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை உட்காரவைத்து, சிவப்பும் வெள்ளையுமான ஒன்பது கட்டைகளை அடுக்கச் சொல்லி, எத்தனை விநாடியில் முடிக்கிறார்கள் என்று எழுத வேண்டும். ரூபியையும் சேர்த்து நாலு உதவியாளர்கள், நாலு ஸ்டாப் வாட்ச். பயிற்சி ஒரே ஒரு மத்தியானம், அதுவும் பேராசிரியரின் சொந்த வாட்சில். வாட்சைப் பிள்ளை பார்க்கக்கூடாது என்பார் அவர், பார்த்தால் பதறும். அதனால் இடது கையில் வைத்து, மேஜைக்குக் கீழே தொடையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நீங்களும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, எண்ணைப் படிக்காதீர்கள், ஓரக்கண்ணால் முள் நிற்கும் திசையைப் பாருங்கள், நேர்கீழே நின்றால் அரை நிமிடம், மேலே வந்துவிட்டால் ஒரு நிமிடம். அழகான முறை. நான்கு பேரும் அப்படியே செய்தார்கள். மூன்று பேருக்கு அது சரியாக வந்தது. தமயந்தியிடம் கொடுத்தது ஓட்டப்பந்தயத்துக்கான வாட்ச், யார் எங்கே வாங்கினார்களோ, அதில் முள் ஒரு முழுச்சுற்று வர முப்பது விநாடிதான். உச்சியில் அறுபது இருக்க வேண்டிய இடத்தில் முப்பது என்று போட்டிருக்கும், எறும்பு அளவு எழுத்தில். எண்ணைப் படிக்காதீர்கள் என்றால் அவள் படிக்கமாட்டாள். சொன்னதைச் செய்கிற பெண் என்றுதான் வேலைக்கே எடுத்தார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், பதினோரு நாள், நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அத்தனை பேருக்கும் அரை நிமிடத்தை ஒரு நிமிடம் என்று எழுதினாள். நாற்பது விநாடியில் முடித்த பிள்ளைக்கு எண்பது. அதைக்கூடப் பிறகு உட்கார்ந்து பாதியாக்கிவிடலாம், கணக்குதானே. ஆனால் பெரிய அடுக்குக்கு இரண்டு நிமிடம் கெடு. கெடு முடிந்ததும் கட்டையை வாங்கிவிட வேண்டும் என்பது விதி. அவள் ஒரு நிமிடத்தில் வாங்கினாள். பாதி அடுக்கியிருக்கும்போது வாங்கினாள். வாங்கிவிட்ட பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கும் என்பதை எந்தக் கணக்காலும் பாதியாக்க முடியாது, இரட்டிப்பாக்கவும் முடியாது.

முத்துப்பேச்சி. ஒன்பது வயது. ரிப்பன் இல்லாமல் நூலால் கட்டிய சடை, கால் விரல்களுக்கு நடுவே உப்பில் வெடித்த புண். எட்டுக் கட்டையைச் சரியாக வைத்துவிட்டாள், ஒன்பதாவது கையில். முள் இரண்டாவது முறையாக மேலே வந்துவிட்டது. "போதும்மா, குடு." "டீச்சர், ஒண்ணே ஒண்ணுதான் டீச்சர்." "நேரம் முடிஞ்சிருச்சு, குடு." கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். தமயந்தி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், சுண்டுவிரலில் தொடங்கி. குழந்தை விரல் மாதிரியே இல்லை, காய்த்துப்போய் மரக்கட்டையும் விரலும் ஒன்றுபோலிருந்தன. வலிக்கிறது என்று அது சொல்லவில்லை. நடத்தைக் குறிப்பு என்று தாளில் ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதினாள்: பிடிவாதம், ஒத்துழைப்புக் குறைவு. நல்ல கையெழுத்து அவளுக்கு. ரேடியோ அதற்கு முன்பா பின்பா? முன்பு. பின்பு. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறது. தலைமையாசிரியர் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, சினிமாப் பாட்டு ஒன்று, ஒரு பிள்ளை கட்டையைத் தொடும்போது தொடங்கி அது எழுந்து போகும்போது முடிந்தது, அதற்குள் முள் ஆறு சுற்றுக்கு மேல் வந்துவிட்டது. ஆறு நிமிடப் பாட்டு எங்காவது உண்டா? நீளமான பாட்டு என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா, நினைக்கவைத்துக்கொண்டாளா? அன்றைக்கு நாலாம் நாள். நாலாம் நாள் என்றால் முத்துப்பேச்சிக்கு முன்னால், சந்தேகத்தோடேதான் அந்த விரல்களைப் பிரித்திருக்கிறாள். மூன்றாம் நாளாக இருந்தால் இன்னும் மோசம். ஏழாம் நாளாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, முத்துப்பேச்சி முடிந்துபோயிருப்பாள். சில இரவுகளில் அதை ஏழாம் நாளாக்கிப் பார்த்திருக்கிறாள், தூக்கம் வந்திருக்கிறது. வாட்சைத் திருப்பிச் சுவர்க்கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. அறையில் கடிகாரம் இருந்தது. பார்க்கவில்லை. பார்த்தால் அதுவரைக்கும் செய்ததையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும், பேராசிரியர் கத்துவார், உப்பளத்து வெயில், அந்த ஊர்த் தண்ணீர், இன்னொரு வாரம். அவ்வளவுதான் காரணம். தண்ணீர் கரித்தது என்பதுதான் காரணம். இது ரூபிக்குத் தெரியாது. ரூபிக்குத் தெரிந்ததெல்லாம், மதுரைக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஹாஸ்டல் ஓட்டப்பந்தயத்துக்கு அந்த வாட்சை இரவல் வாங்கிக்கொண்டுபோய், "ஏட்டி, இது முப்பது செகண்டு வாட்சுல்லா, இதையா வச்சிருந்த?" என்று மைதானத்திலிருந்து ஓடிவந்து கேட்டாளே, அதுதான். அப்போது தமயந்தி முகத்தில் காட்டிய அதிர்ச்சி நல்ல அதிர்ச்சி. அவளே நம்பினாள்.

மிட்டாய் தீர்ந்துவிட்டது. ரூபி கண்ணை மூடிக்கொண்டாள், ஜெபமா தூக்கமா. தமயந்தி எழுந்து கடைசிப் பெட்டிக்குப் போனாள், போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். நீல வெல்வெட்டின் மேல் நாலு வாட்ச். எது அவளுடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு படம், சின்னக் கைகள், கட்டைகள், மணிக்கட்டுக்கு மேல் ஆள் இல்லை. தலைப்பு: மெதுவான கைகள். கீழே, உப்பளத்துப் பிள்ளைகளின் சிந்தனை வேகம் குறித்த முன்னோடி ஆய்வு, நகரத்துப் பிள்ளைகளைவிடச் சராசரியாகப் பதினான்கு புள்ளிகள் குறைவு என்று நிறுவியது, முனைவர் ரூபி எஸ்தர். நிறுவியது. திருத்திக்கிடுதேன், என் தீசிஸ்ல பாதியாக்கிப் போட்டுடுதேன், நீ வாயத் திறக்காத, ரெண்டு பேரு வேலையும் போயிரும் என்று மைதானத்திலிருந்து ஓடிவந்த அன்றைக்கு ரூபி சொன்னாள். நாலு வருடம் கழித்து நூலகத்தில் அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து அட்டவணையைப் பார்த்தபோது ஒரு எண்ணும் மாறவில்லை. அதற்குள் கல்வித்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டிருந்தது, ஆய்வு முடிவுகளின் அடிப்படையில் அந்தப் பள்ளிகளில் நாலாம் வகுப்புக்கு மேல் கணக்கு நேரத்தைக் குறைத்து, கயிறு திரிக்கவும் பாய் முடையவும் கற்றுக்கொடுக்கலாம் என்று. பக்கத்துப் பெட்டியில் அந்தச் சோதனைத் தாள்களில் நாலைந்தை விரித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் பெயரையெல்லாம் கறுப்பு மையால் பட்டையாக அடித்திருந்தார்கள். காலையில் ஷோபனா அதைப் பெருமையாகச் சொன்னாள், "எதிக்ஸ் மேடம், ஒருத்தர் பேர்கூட வெளிய தெரியாது." சோதித்தவர் பெயரை மட்டும் அடிக்கவில்லை. நல்ல கையெழுத்து. இனி யார் நினைத்தாலும் அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தேடிப்போய் நீ மெதுவில்லை என்று சொல்ல முடியாது. அவர்களும் இங்கே வந்து அவளைப் பார்க்கப்போவதில்லை, முத்துப்பேச்சிக்கு இப்போது ஐம்பத்துநாலு. சொல்லி என்ன ஆகும்? சொன்னால் ஒன்றும் ஆகாது என்பதுதான் பயம். இல்லை, அது இல்லை. இன்றைக்கு வரச்சொல்லி ஷோபனா எழுதிய கடிதத்தில் இருந்தது: வரும் ஜூனில் அதே பள்ளியில் மீண்டும் சோதனை நடத்தப்போகிறோம், அன்றைய எண்களோடு இன்றைய பிள்ளைகளை ஒப்பிட. ஒப்பிடுவார்கள். பேத்திகள் பாட்டிகளைவிட இவ்வளவு புத்திசாலி என்று கோடு போட்டுக் காட்டுவார்கள், இன்னொரு சுவர், இன்னொரு விளக்கு. பாட்டிகள் இன்னொரு முறை மக்குகள் ஆவார்கள், இந்த முறை தங்கள் பேத்திகளின் கையாலேயே. சொல்லிவிட வேண்டும். யார் முன்னால்? இந்தச் சாய்ந்த தலை முன்னால். அதற்கு அவள் யார்? இவ்வளவு நாள் சொல்லாதவள் இன்றைக்கு ஏன் சொல்கிறாள், கேமரா இருப்பதாலா? வயதான பிறகு யோக்கியமாவது ஒரு செலவில்லாத காரியம். எதிரே கண்ணாடியில் அவள் முகம் வாட்சுகளின் மேல் விழுந்திருந்தது. அந்த முகத்தின்மீது அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"மேடம், ரெடி" என்றாள் ஷோபனா. உள்ளே கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். கேமராவுக்குப் பின்னால் ஒருவன் இருந்தான், முகம் தெரியவில்லை. இருவருடைய புடவையிலும் மைக் குத்தினார்கள். ரூபி ஜீப் கதை சொன்னாள். ஷோபனா சிரித்தாள். பல்லிக் கதை சொன்னாள். ஷோபனா இன்னும் சிரித்தாள், பிறகு தாளைப் பார்த்து, "உப்பளத்துக் குழந்தைகளைப் பத்திச் சொல்லுங்க மேடம். அதுதான் எங்க மியூசியத்துக்கே முக்கியமான ஸ்டடி" என்றாள். தமயந்தி வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போவதில்லை என்று அந்த விநாடியில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, உடம்பு தளர்ந்து சுகமாகக்கூட இருந்தது. ரூபிதான் பேசினாள். "பாவப்பட்ட பிள்ளைங்கம்மா. நல்ல பிள்ளைங்கதான். ஆனா கையும் ஓடாது, புத்தியும் ஓடாது. வெயில்லயே கெடந்து அப்படி ஆயிருதுங்க. ஒரு கட்டைய வச்சிட்டு நம்ம மூஞ்சியவே பாத்துட்டு நிக்கும். நாங்க கண்ணால பாத்தோம்லா." நாங்க. ரூபி அங்கே வந்ததே இல்லை. ரூபி சோதித்தது மதுரையில் கான்வென்ட் பிள்ளைகளை, மின்விசிறிக்குக் கீழே. ஒரு பிள்ளையும் தமயந்தியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை, எல்லாம் கட்டையைத்தான் பார்த்தன. ஒரு சின்னப் பொய், எல்லாப் பொய்யிலும் சின்னது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இவ அங்க வரவேயில்லை" என்றாள் தமயந்தி. "நான்தான் போனேன். அந்தப் பிள்ளைங்க மெதுவில்லை. எனக்கு வாட்ச் பார்க்கத் தெரியலை." பிறகு நிறுத்த முடியவில்லை. முள், முப்பது விநாடி, மேஜைக்குக் கீழே தொடை, ரேடியோ, சுவர்க்கடிகாரம், கரித்த தண்ணீர், விரல் பிரித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். நாலாம் நாளே சந்தேகம் வந்தது என்றாள். இல்லை, மூன்றாம் நாளாகவும் இருக்கலாம் என்றாள். அந்தத் தீசிஸில் ஒரு எண்ணும் மாறவில்லை என்றாள். சொல்லி முடித்ததும் ரூபியின் பக்கம் திரும்பினாள். ரூபி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கொன்னுபோடுவேன் என்பாள் என்று எதிர்பார்த்தாள், அதற்குப் பதில்கூட வைத்திருந்தாள். ரூபி கத்தவில்லை. மெதுவாகக் கையை நீட்டித் தமயந்தியின் முழங்கால் மேல் வைத்தாள். வெதுவெதுப்பான கை.

"அத ஆஃப் பண்ணச் சொல்லும்மா" என்றாள் ஷோபனாவிடம். நாசரேத் குரல் போய்விட்டிருந்தது. வகுப்புக் குரல், அறை மூலை வரை கேட்கும் தாழ்ந்த குரல். "கொஞ்ச காலமா இப்படித்தான். போன்லயும் இதேதான் சொல்வா. ஒரு தடவை மூணாம் நாள், ஒரு தடவை ஏழாம் நாள். வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் தனியா இருக்காள்ல. யாரும் கவனிக்கலை. நானும்தான் கவனிக்கலை." கண்ணில் நீர்கூட வந்தது. பதினோரு வருடமாக இருவருக்கும் போனில் பேச்சே இல்லை. ஆனால் ஏழாம் நாள் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சும்மா சொன்னாள். சும்மா சொன்னது சரியாகப் போய்த் தைத்தது, அந்த வித்தையில் இவள் எப்போதும் கெட்டிக்காரி. "பொய், நான் உனக்குப் போனே பண்ணலை" என்றாள் தமயந்தி. குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த குரல் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே தெரியும்.

கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஷோபனா எழுந்து வந்து, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, கண்ணுக்கு நேராகக் கண் வருகிற உயரத்தில் உட்கார்ந்தாள். மடியில் அட்டைப்பலகை, அதில் வெள்ளைத் தாள்.

"மேடம், ஒண்ணுமில்லை, பதறாதீங்க. சும்மாதான் கேக்கிறேன். இன்னைக்கு என்ன கிழமை?"

மறதி நோய்ச் சோதனையின் முதல் கேள்வி அது. கிழமை, பிறகு மாதம், பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பிற்பாடு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்தபோது தமயந்தியே இதை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறாள், இதே மாதிரி, சும்மாதான் என்று. கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனால் அது ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது, அதை வைத்துச் சொல்ல முடியாது. பேப்பரை அவள் பிரிக்கவில்லை, இங்கே வரும் அவசரம். ஆட்டோக்காரர் செவ்வாய்க்கிழமை என்று எதையோ சொன்னார், நேற்றைப் பற்றியா நாளையைப் பற்றியா? வேலைக்குப் போகாத மனுஷிக்குக் கிழமை எதற்கு என்று சொல்லலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. குத்துமதிப்பாகப் புதன் என்று சொல்லலாம். சரியாக இருந்தால் அடுத்த கேள்வி வரும். தவறாக இருந்தாலும் அடுத்த கேள்வி வரும். ரூபி முழங்காலில் வைத்த கையை எடுக்கவில்லை, லேசாகத் தட்டிக்கொடுத்தாள், சொல்லு சொல்லு என்பதுபோல.

"கிழமை தெரியலை" என்றாள் தமயந்தி. "அது முப்பது செகண்ட் வாட்ச். நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. அவங்களுக்குப் பாதி நேரம்தான் குடுத்தேன். எழுதிக்கம்மா."

ஷோபனா எழுதினாள். தமயந்தி கழுத்தை நீட்டித் தாளைப் பார்த்தாள். முதல் வாக்கியத்தை மட்டும்தான் எழுதியிருந்தாள்.